தேயிலை மண்ணிலிருந்து வித்திச் சங்கிலி வரை: இழைப் பற்றீரியாவைப் படிக்கத் தொடங்குபவருக்கு

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கும் பிள்ளைகளில் ஓரிருவர் ஒவ்வொரு வருடமும் என்னைத் தேடி வருவார்கள். "டீச்சர், பிறப்புரிமையியலில் கையால் ஏதாவது செய்து பார்க்க முடியாதா?" என்பார்கள். நான் ஜன்னல் வழியாகத் தேயிலை மலையைக் காட்டுவேன். அந்த மண்ணில் ஒரு சிட்டிகை போதும். அதற்குள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இருக்கிறது. கலம் எப்படிப் பிரிகிறது, எந்தப் பரம்பரையலகு அதை எப்போது தட்டி எழுப்புகிறது என்பதை இதைவிடக் கண்கூடாகக் காட்டும் பற்றீரியாவை நான் கண்டதில்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரம்பரையலகுகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு தொடங்காதீர்கள். முதலில் பற்றீரியா வளரும் தட்டைப் பாருங்கள். இந்த உயிரியில் வேலை எந்தப் படியில் நின்றுபோனது என்பதை, தட்டில் புள்ளியாகத் திரண்டு வளரும் கொலனியின் நிறமே பாதி சொல்லிவிடும். மீதியை நுணுக்குக்காட்டி சொல்லும். பெயர்கள் அதற்குப் பிறகு வந்தால் மனதில் ஒட்டும்.

இன்னொன்று, இதை வீட்டுக் குசினியில் செய்யாதீர்கள். மண்ணிலிருந்து என்ன முளைக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. நோய் தரக்கூடிய நொக்கார்டியாவும் இதே சாயலில்தான் வளரும். பள்ளிக்கூட ஆய்வுகூடமோ பல்கலைக்கழக ஆய்வுகூடமோ, தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எதைத் தேடுகிறோம்

ஸ்ட்ரெப்டோமைசிஸ் பற்றீரியாதான், ஆனால் பங்கசு மாதிரி இழை இழையாக வளரும். வித்தியாசம் பருமனில். பங்கசின் இழை பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரோமீற்றர் தடிப்பாக இருக்கும். இதன் இழை 0.5 முதல் 1 மைக்ரோமீற்றர் வரைதான். ஈ கோலை போன்ற கோல் பற்றீரியா நீண்டு, நடுவில் பிரிந்து, இரண்டாகும். இது அப்படிச் செய்வதில்லை. கொழுந்து நுனியில் வருவதுபோல இழையும் நுனியில் மட்டும் நீளும், பக்கத்தில் கிளைக்கும், மீண்டும் நீளும்.

ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து இந்தக் குடும்பத்திலிருந்து வந்தது. 1943இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த அல்பர்ட் ஷாட்ஸ் அதைப் பிரித்தெடுத்தார். 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. அந்தக் கதையை ஆற அமர ஒருநாள் பேசலாம்.

மண் எடுப்பது

தோட்டத்து மண் என்றால் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஹோர்ட்டன் சமவெளி போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதி இல்லாமல் கைப்பிடி மண்கூட எடுக்கக்கூடாது. தேயிலைச் செடியின் தூரில் மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 5 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் இரண்டு மூன்று கரண்டி எடுத்தால் போதும். அதே நாளில் ஒரு மரக்கறித் தோட்டத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். காரணம் இருக்கிறது.

தேயிலைக்குப் பிடித்தது புளித்த மண். பீஎச் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் செடி நன்றாக இருக்கும். கவ்வாத்து வெட்டும் காலத்தில் டொலமைற்று போடுவது, அதைவிடவும் புளிப்பு ஏறிவிடாமல் இருக்கத்தான். ஆனால் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைகளில் பெரும்பாலானவை நடுநிலைக்கு அருகிலான மண்ணையே விரும்பும். அதனால் சுண்ணாம்பு போட்ட கரட், லீக்ஸ் பாத்தி மண்ணில் பொதுவாகச் சுலபமாகக் கிடைக்கும். தேயிலை மண்ணில் புளிப்பைத் தாங்கும் வகைகள் கிடைக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பார்ப்பதில் ஒரு சுவை உண்டு. உருளைக்கிழங்குத் தோலில் சொறி சொறியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நோயை உண்டாக்குவதும் இந்தக் குடும்பத்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஸ்கேபீஸ்தான். அதுவும் மிகவும் புளித்த மண்ணில் அவ்வளவாகத் தலைதூக்காது.

எடுத்த மண்ணைக் கடதாசியில் பரப்பி, நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். முற்றத்தில் வேண்டாம், கோழி கிளறிவிடும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவமழைக் காலத்தில் எதுவுமே காயாது. அப்போது ஆய்வுகூட அடுப்பில் 45 பாகையில் வைத்துக் காயவைக்கலாம். காயவைப்பதுதான் இங்கே வடிகட்டி. சாதாரண பற்றீரியாக்களில் பெரும்பகுதி காய்ந்து செத்துப்போகும், வித்திகள் தாங்கிக்கொள்ளும். ஒன்றைக் கவனியுங்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வித்தி வறட்சியைத் தாங்கும். ஆனால் பசிலஸ் என்ற இன்னொரு மண் பற்றீரியாவின் அகவித்தி அளவுக்குச் சூட்டைத் தாங்காது. ஈரமாக இருக்கும்போது அதிகமாகச் சூடாக்கினால் செத்துவிடும். ஒரு மாணவன் "கிருமி சாகட்டும்" என்று மண்கரைசலைக் கொதிக்க வைத்துவிட்டு, தட்டு முழுக்கப் பசிலசை மட்டும் வளர்த்தான்.

ஊடகமும் தட்டும்

மண்ணிலிருந்து பிரிக்க மாச்சத்துக் கேசீன் ஏகார் நல்லது. ஒரு லீற்றருக்குக் கரையும் மாச்சத்து 10 கிராம், கேசீன் 0.3 கிராம், பொட்டாசியம் நைத்திரேற்று 2 கிராம், உப்பு 2 கிராம், இருபொட்டாசியம் ஐதரசன் பொசுபேற்று 2 கிராம், மக்னீசியம் சல்பேற்று 0.05 கிராம், கல்சியம் காபனேற்று 0.02 கிராம், பெரசு சல்பேற்று 0.01 கிராம், ஏகார் 18 கிராம். பீஎச் 7 அளவில் வைத்து 121 பாகையில் 15 நிமிடம் கிருமியழியுங்கள்.

புளிப்பு ஊடகம் வேண்டுமென்றால் இந்த இடத்தில் நின்று வாசியுங்கள். முதல் தடவை நான் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, பீஎச் 4.5க்கு இறக்கி, ஓட்டோகிளேவில், அதாவது அமுக்க நீராவிக் கலத்தில், வைத்து எடுத்தேன். ஊற்றிய பதினாறு தட்டும் விடிய விடிய உறையவில்லை. கஞ்சி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அமிலத்தில் சூடாக்கினால் ஏகார் உடைந்துபோகும். ஆகவே ஏகாரை இரட்டைச் செறிவில் தண்ணீரில் தனியாகவும், மற்றப் பொருட்களை இரட்டைச் செறிவில் தனியாகவும் கிருமியழித்து, 55 பாகை அளவுக்கு ஆறியபின் கலந்து, கடைசியில் கிருமியழித்த அமிலத்தால் பீஎச்சைச் சரிசெய்யுங்கள்.

மலையகத்தின் ஈரத்தில் பங்கசு தட்டைப் பிடித்துவிடும். அதைத் தடுக்க நிஸ்ரற்றின் சேர்ப்பது வழக்கம். சைக்குளோஹெக்சிமைட்டும் வேலை செய்யும். ஆனால் அது மனிதருக்குக் கடும் நஞ்சு, பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம். நிஸ்ரற்றினும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் செய்த பொருள்தான். சொந்தக்காரனின் கத்தியாலேயே வழியைத் துப்புரவாக்குகிறோம்.

ஒரு கிராம் காய்ந்த மண்ணை 9 மில்லிலீற்றர் கிருமியழித்த தண்ணீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக ஐதாக்குங்கள். ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று ஆகிய இரண்டு கரைசல்களிலிருந்தும் 0.1 மில்லிலீற்றர் பரப்புங்கள். 28 முதல் 30 பாகையில், தட்டைக் கவிழ்த்து, ஏழு முதல் பதினான்கு நாள். நுவரெலியாவில் ஜனவரிக் குளிரில் அறைச் சூட்டை நம்பினால் ஒன்றும் நடக்காது. அடைகாப்புப் பெட்டி இல்லையா, ரெஜிபோம் பெட்டிக்குள் ஒரு சின்ன மின்குமிழும் ஒரு வெப்பமானியும் போதும்.

கொலனியை அடையாளம் காண்பது

நான்காம் ஐந்தாம் நாளில், பளபளவென்று வழுக்கிப் பரவுபவற்றை விட்டுவிடுங்கள். நாம் தேடும் கொலனி சின்னதாக, கெட்டியாக, ஏகாருக்குள் வேர் விட்டதுபோல இருக்கும். பல்குத்தியால் கிண்டினால் தோல் மாதிரி இழுபடும், சுலபத்தில் பெயராது. சில நாளில் மேலே மாவு தூவியதுபோல வெள்ளை படரும். பிறகு சாம்பல், சிலவற்றில் பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு.

வாசனை இன்னொரு தடயம். மழையின் முதல் துளி விழும்போது எழும் மண்வாசனைக்கு ஜியோஸ்மின் என்ற பொருள் முக்கிய காரணம். அதைச் செய்பவற்றில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் முன்னணியில் நிற்கிறது. வித்தி உண்டாகும் காலத்தில்தான் அதைச் செய்யும். மண்ணில் வாழும் வால்துள்ளிப் பூச்சிகள் அந்த வாசனைக்கு வந்து, வித்திகளை உடம்பில் சுமந்துகொண்டு போகின்றன என்று 2020இல் காட்டியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் தட்டைத் திறந்து முகர்ந்துவிடாதீர்கள். அறையில் பெட்டியைத் திறந்தாலே வாசனை வரும்.

தனிக் கொலனி ஒன்றைத் தொட்டு, மெனிற்றோல் சோயா ஏகாரில் கீறுங்கள். குழாய்த் தண்ணீர் ஒரு லீற்றர், மெனிற்றோல் 20 கிராம், சோயா மா 20 கிராம், ஏகார் 20 கிராம். சோயா மா என்றால் மா. கடையில் சோயா மீட் பக்கற்றை வாங்கி இடித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. வித்தி உண்டாக இதைவிட நல்ல ஊடகம் குறைவு.

கவர்சிலிப் வித்தை

இதுதான் முழு வேலையின் உயிர். கிருமியழித்த கவர்சிலிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டை ஏகாருக்குள் 45 பாகை சாய்வில் பாதி அளவுக்குச் செருகுங்கள். கண்ணாடி ஏகாரைத் தொடும் கோட்டில் வித்திகளை வையுங்கள். ஒரு தட்டில் நான்கைந்து செருகலாம். இழைகள் கண்ணாடியில் ஏறி ஒட்டிக்கொண்டு வளரும். இரண்டாம், நான்காம், ஆறாம், எட்டாம் நாளில் ஒவ்வொன்றாக மெதுவாக உருவி, வளர்ந்த பக்கம் கீழாகக் கண்ணாடி வழுக்கியில் வைத்து, 400 மடங்கில் பாருங்கள். ஒளியைக் குறைத்தால் தெளிவு கூடும். எண்ணெய் விட்டு 1000 மடங்கில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

இரண்டாம் நாளில் கொடிபோலக் கிளைத்த மெல்லிய இழைகள் தெரியும். இவை அடியிழைகள். நான்காம் நாளில் அவற்றின் மேல் கொஞ்சம் தடித்த, கருமையான மேலிழைகள், சிலவற்றில் சுருள் சுருளாக. ஆறாம் எட்டாம் நாளில் அந்தச் சுருள் மணிகளாக அறுந்து நிற்கும். அதுதான் வித்திச் சங்கிலி. முதல் தடவை அதைக் கண்ட ஒரு பிள்ளை கண்வில்லையை விட்டு நகரவேயில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். "டீச்சர், இது லயம் மாதிரி இருக்கு" என்றாள்.

நானாக யோசித்திருந்தால் எனக்கு இந்த உவமை வந்திருக்காது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரே நீளக் கட்டடம், உள்ளே ஒரே நேரத்தில் எழுந்த சுவர்கள், சமமான காம்பராக்கள். ஒரு வித்தியாசம், இங்கே ஒரு காம்பராவுக்கு ஒரு நிறமூர்த்தம்தான், நம் லயத்தைப்போல ஒன்றுக்குள் இரண்டு குடும்பம் கிடையாது.

சுவரைக் கட்டுவது யார்

இப்போது பரம்பரையலகுகளுக்கு வருவோம். பற்றீரியாக்கள் பெரும்பாலானவற்றில் பிரிவுச் சுவர் எங்கே வரும் என்று குறிப்பது எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதம். இசட் என்றதும் நம் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி ஞாபகம் வந்து முகம் வாடும். இது வேறு இசட். இந்தப் புரதம் கலத்தின் உட்புறத்தில் வளையமாகச் சேரும். அந்த வளையத்தின் மேல்தான் சுவர் கட்டும் மற்றப் புரதங்கள் வந்து உட்காரும். ஈ கோலையில் ஒரு நேரத்தில் ஒரு வளையம், நடுவில். அது இல்லாவிட்டால் ஈ கோலை பிழைக்காது.

ஸ்ட்ரெப்டோமைசிசில் கதை மாறுகிறது. 1994இல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரில் இந்தப் பரம்பரையலகை முழுதாக நீக்கிப் பார்த்தார்கள். உயிரி சாகவில்லை. குறுக்குச்சுவர் ஒன்றுகூட இல்லாமல், வித்தியும் இல்லாமல், இழையாக வளர்ந்துகொண்டே இருந்தது. மாறாக, நுனியில் உட்கார்ந்து வளர்ச்சியை நடத்தும் டிவ்-ஐவிஏ என்ற புரதத்தை எடுத்துவிட்டால் அதனால் வாழ முடியாது. சுவர் இல்லாமல் காலம் தள்ளலாம், நுனி இல்லாமல் முடியாது.

அடியிழையில் குறுக்குச்சுவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். கலங்கள் பிரிந்து போவதில்லை. மேலிழையில்தான் பெரிய வேலை. நூறு வரையான எஃப்டிஎஸ்-இசட் வளையங்கள் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீற்றர் இடைவெளியில் ஏணிப் படிகள்போல ஒரே நேரத்தில் தோன்றும். ஈ கோலையில் நடு இடத்தைக் கண்டுபிடித்துத் தரும் ‘மின்’ என்ற பெயருள்ள புரத ஏற்பாடு இங்கே இல்லை. பிறகு இடத்தைக் குறிப்பது யார்? எஸ்எஸ்ஜி-பி என்ற புரதம் முதலில் போய் அங்கங்கே உட்கார்ந்து, எஃப்டிஎஸ்-இசட்டைக் கூப்பிடுகிறது. இது 2011இல் வெளிவந்தது. ஈ கோலை போன்றவற்றில் "இங்கே வராதே" என்று தடுத்து நடுவைக் கண்டுபிடிப்பார்கள். இங்கே "இங்கே வா" என்று கூப்பிடுகிறார்கள்.

சுவர் விழும்போது நிறமூர்த்தம் இடையில் மாட்டக்கூடாது. மேலிழை ஒன்றுக்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட பிரதிகள் நெருக்கியடித்துக் கிடக்கும். பார்-ஏ, பார்-பி என்ற இரண்டு புரதங்களும் அவற்றை வரிசையாக இடம்விட்டு அடுக்குகின்றன. எஃப்டிஎஸ்-கே சுவரடியில் சிக்கும் டிஎன்ஏயை இழுத்து ஒதுக்குகிறது. பார் பரம்பரையலகுகளைக் கெடுத்தால் சங்கிலி உண்டாகும், ஆனால் சில வித்திகள் வெறுமையாக இருக்கும். சாதாரண நுணுக்குக்காட்டியில் இது தெரியாது. டிஎன்ஏயை ஒளிரச் செய்யும் சாயமும் ஒளிர்வு நுணுக்குக்காட்டியும் வேண்டும்.

வழுக்கையும் வெள்ளையும்

இங்கேதான் நிறம் பேசுகிறது. பிரித்தானியாவில் டேவிட் ஹொப்வுட்டும் கூட இருந்தவர்களும் சீலிகலரை வளர்த்தபோது, விகாரிகளை, அதாவது பரம்பரையலகு மாறிப்போனவற்றை, கண்ணால் பார்த்தே இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். மேலிழையே வராமல் மொழுமொழுவென்று கிடப்பவை வழுக்கைகள், ஆங்கிலத்தில் பால்ட். மேலிழை வந்து, சாம்பல் நிறத்துக்குப் போகாமல் வெள்ளையாகவே நிற்பவை வைட். பரம்பரையலகுகளுக்கும் அதே பெயர்கள்தான் வைக்கப்பட்டன.

பால்ட்-ஏ எனக்கு மிகவும் பிடித்தது. அது புரதம் எதையும் செய்வதில்லை. லியூசினைக் கொண்டுவரும் ஒரு இடமாற்றும் ஆர்என்ஏயைச் செய்கிறது. டிடிஏ என்ற மூன்றெழுத்துக் குறியை, அதாவது கோடோனை, வாசிக்கும் ஒரே ஆள் அதுதான். சீலிகலரின் டிஎன்ஏ எழுத்துகளில் 72 சதவீதம் ஜியும் சியும் என்பதால் டிடிஏ அபூர்வம். ஏறத்தாழ 145 பரம்பரையலகுகளில் மட்டும்தான் இருக்கிறது. அவற்றில் ஒன்று மேலிழைக்கு அவசியமான ஆட்ப்-ஏ. பால்ட்-ஏ கெட்டுப்போனால் உயிரி வளரும், ஆனால் மேலிழை வராது.

பால்ட்-டி இன்னொரு விதம். அது பூட்டு. இழை வளர்ந்துகொண்டிருக்கும்போது, வித்திக்கு வேண்டிய பல பரம்பரையலகுகளை, எஃப்டிஎஸ்-இசட் உட்பட, அமுக்கி வைத்திருக்கும். சுழல் இரு ஜிஎம்பி என்ற சின்ன மூலக்கூறுகள் நான்கு சேர்ந்து இரண்டு பால்ட்-டியைப் பிணைத்தால்தான் பூட்டு விழும். 2014இல் இது தெரிந்தது. அந்த மூலக்கூறு குறைந்தால் பூட்டு திறக்கும். செயற்கையாகக் குறைத்தால் நேரத்துக்கு முன்பே வித்தி வந்துவிடும்.

பூட்டு திறந்தபின் வைட் கூட்டத்தின் முறை. வைட்-ஜி ஒரு சிக்மா காரணி, படியெடுக்கும் நொதியத்தை எங்கே தொடங்குவது என்று காட்டுவது. வைட்-ஏயும் வைட்-பியும் ஜோடியாக வேலை செய்து, சுவர் கட்டும் பரம்பரையலகுகளை எழுப்பும். இந்த ஜோடியில் ஒன்று கெட்டாலும் மேலிழை நீண்டுகொண்டே போகும், சுவர் விழாது. தட்டில் அது வெள்ளையாகத் தெரியும்.

ஆனால் வெள்ளை என்றாலே சுவர் இல்லை என்று முடிவெடுத்துவிடாதீர்கள். வைட்-ஈ கெட்டாலும் கொலனி வெள்ளைதான். அது சாம்பல் நிறப் பொருளைச் செய்யும் பரம்பரையலகுக் கூட்டம். வித்தி ஒழுங்காக இருக்கும், சாயம் மட்டும் இருக்காது. கவர்சிலிப்பை எடுத்துப் பார்க்காமல் இந்த இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

பழைய தட்டுகளில் கொலனியின் ஒரு துண்டு மட்டும் வழுக்கையாக, ஆப்பு வடிவில் நிற்பதைக் காண்பீர்கள். "பால்ட் விகாரி கிடைத்துவிட்டது" என்று குதிக்க வேண்டாம். இதன் நிறமூர்த்தம் பெரும்பாலான பற்றீரியாக்களைப்போல வட்டமில்லை, நேர்கோடு. அதன் முனைகளிலிருந்து பெரிய பெரிய துண்டுகள் தொலைந்துபோவது வழக்கம். அப்போது ஒன்றல்ல, பல பரம்பரையலகுகள் ஒன்றாகப் போயிருக்கும்.

கணினியில் ஒரு மாலை

பரம்பரையலகை நீக்கும் வேலைக்குப் பல்கலைக்கழக ஆய்வுகூடமும் உயிரியல் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ ஹந்தானையில் இருக்கும் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திலோ பயிற்சிக்கு இடம் கேட்டுப் பார்க்கலாம். அதுவரை கைத்தொலைபேசியிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சீலிகலரின் டிஎன்ஏ முழுதும் 2002இல் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 86.7 இலட்சம் மூலச்சோடிகள், 7,825 பரம்பரையலகுகள். ஒவ்வொன்றுக்கும் வீட்டு இலக்கம் மாதிரி ஒரு எண் உண்டு. எஸ்சிஓ 2082 என்று என்சிபிஐ என்ற பரம்பரையலகுத் தரவுத்தளத்தில் தேடுங்கள், எஃப்டிஎஸ்-இசட் வரும். அங்கிருந்து ஐந்து எண் பின்னால் போங்கள். 2077இல் டிவ்-ஐவிஏ, நுனியின் சொந்தக்காரன். முன்னால் போனால் 2083இல் சுவர் வேலையில் சேரும் எஃப்டிஎஸ்-கியூ. சுவர்க்காரரும் நுனிக்காரரும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். அப்புறம் 2792, அதாவது ஆட்ப்-ஏயின் வரிசையை எடுத்து, தொடக்கத்திலிருந்து மூன்று மூன்று எழுத்தாகப் பிரித்து டிடிஏயைத் தேடிப் பிடியுங்கள். மூன்றாகப் பிரிக்காமல் தேடினால் பொய் டிடிஏக்கள் மாட்டும்.

வைத்திருப்பது

நல்ல வித்தி கிடைத்ததும் தட்டில் கிருமியழித்த தண்ணீர் விட்டு மெதுவாக உரசி, பஞ்சு வைத்த குழாயால் வடியுங்கள். இழைகள் பஞ்சில் தங்கும், வித்தி கீழே வரும். 20 சதவீதக் கிளிசரோலில் கலந்து மறை 20 பாகையில் வைத்தால் நெடுங்காலம் இருக்கும். வேலை முடிந்த தட்டுகளை ஓட்டோகிளேவில் போட்டபின்தான் குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

குழாயில் திகதி, மண் எடுத்த மலையின் இலக்கம், ஊடகம் மூன்றையும் எழுதுங்கள். குளிர்ப்பெட்டியில் மை அழியும், ஆகவே பென்சிலால் ஒட்டுத்தாளில் எழுதி மேலே தெளிவான டேப் ஒட்டுங்கள். என்னிடம் இன்னும் ஒரு குழாய் இருக்கிறது. நீல நிறம் கக்கும் அருமையான ஒன்று, மூன்று வருடமாக இருக்கிறது. ஏழாம் நம்பர் மலையா, லீக்ஸ் பாத்தியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.